கோழிக்குப் பார்க்கும் கணக்கு, குழந்தைக்கு?

கேள்வி: “எங்கள் பக்கம் கரிசல் காடு முழுக்க மக்காச்சோளமும் பருத்தியும்தான். போன தை மாதம் சோளம் அடித்து நாமக்கல் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, தீவன ஆலையில் வேலை பார்க்கும் மாமன் மகன், ‘உங்க சோளத்துல லைசின் பத்தாது, அதைத் தனியா வாங்கிப் போடுறோம்’ என்றார். அது மருந்தா, உரமா? கோழிக்கு அவ்வளவு அவசியம் என்றால் மனுசனுக்கு வேண்டாமா? வீட்டில் 3 பிள்ளைகள் இருக்கிறார்கள்.”
– ஒரு மக்காச்சோள விவசாயி, பாடாலூர்.

பதில்: லைசின் மருந்தும் அல்ல, உரமும் அல்ல. அது புரதத்தின் ஒரு துண்டு. சோறு, பருப்பு, பால், கறி என எதில் உள்ள புரதமாக இருந்தாலும், வயிற்றுக்குள் போனதும் அமினோ அமிலங்கள் என்ற சிறு துண்டுகளாக உடைகிறது. அவற்றில் 20 வகை. உடம்பு அந்தத் துண்டுகளை எடுத்துத் தனக்கு வேண்டிய தசை, தோல், ரத்தம், செரிமான நீர், நோய் எதிர்ப்புப் பொருள் என்று மறுபடி கோத்துக்கொள்கிறது. 20-ல் பாதிக்கு மேல் உடம்பே தயாரித்துக்கொள்ளும். 9 வகையை மட்டும் தயாரிக்கத் தெரியாது. தட்டில் வந்தால்தான் உண்டு. அந்த ஒன்பதில் ஒன்று லைசின். தானியத்தை நம்பிச் சாப்பிடுகிற வீடுகளில் முதலில் பற்றாக்குறையாவது பெரும்பாலும் இதுதான்.

பற்றாக்குறை வந்தால் என்ன ஆகும் என்பதை மக்காச்சோளம் வைப்பவருக்கு விளக்கத் தேவையில்லை. துத்தநாகம் குறைந்த காட்டில் யூரியா எத்தனை மூட்டை போட்டாலும் குருத்து வெளுத்துத்தான் வரும். போட்ட யூரியா பயிரில் ஏறாமல் வீணாகும். உடம்பிலும் அதே கதை. லைசின் தீர்ந்த இடத்தில் கோப்பு வேலை நின்றுவிடும். மற்ற 19 வகையும் தட்டு நிறைய வந்திருந்தாலும் அவற்றைச் சேர்த்துவைக்க உடம்பில் குதிர் கிடையாது. எரித்துவிடும், மிஞ்சும் தழைச்சத்து சிறுநீரில் வெளியேறும். எந்த வடிவத்தில் தெரியுமா? யூரியாவாகத்தான்.

லைசின் செய்யும் வேலைகளில் முதலாவது, வளர்ச்சி. குழந்தையின் தசையும் எலும்பும் கூடுவதற்கு அது தினமும் வேண்டும். இரண்டாவது, கட்டுமானம். தோல், எலும்பு, தசைநாண், ரத்தக்குழாய் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருப்பது கொலாஜன் என்ற புரதம். அது மூன்று புரி சேர்த்துத் திரித்த கயிறு போன்றது. ஒரு கயிற்றுக்கும் பக்கத்துக் கயிற்றுக்கும் நடுவே முடிச்சுப் போடுவது லைசின். முடிச்சு உறுதியாக விழ வைட்டமின் சி-யும் வேண்டும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சைக்கு இதில் பங்கு உண்டு. கொழுப்பை எரிக்கும் இடத்துக்குச் சுமந்துபோகும் கார்னிடைன் என்ற பொருளையும் உடம்பு லைசினிலிருந்துதான் செய்துகொள்கிறது. ஆனால் லைசின் குறைந்தால், ‘இதுதான் அது’ என்று காட்டும் தனி அடையாளம் எதுவும் உடம்பில் தெரியாது. பிள்ளை வயதுக்கேற்ற உயரம், எடை வராமல் இருக்கும், சீக்கிரம் சோர்ந்துபோகும், அடிக்கடி நோயில் விழும், புண் ஆற நாளாகும். இவற்றுக்கு வேறு நூறு காரணங்களும் இருக்கலாம் என்பதால், வீட்டில் யாரும் தட்டைச் சந்தேகிப்பதில்லை.

மாமன் மகன் சொன்னது சரியா என்றால், சரி. அது 100 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த விஷயம். அமெரிக்காவில் கனெக்டிகட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஆஸ்போர்ன், மெண்டல் என்ற இருவர் 1914-ல் வெள்ளெலிகளுக்கு, புரதம் என்றால் மக்காச்சோளத்தின் முக்கியப் புரதமான ஜீனை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ஜீனில் லைசின் இல்லை என்றே சொல்லலாம்; டிரிப்டோஃபேன் என்ற இன்னொரு அமினோ அமிலமும் இல்லை. எலிகள் நாளுக்கு நாள் இளைத்தன. டிரிப்டோஃபேனைச் சேர்த்ததும் இளைப்பது நின்றது. ஆனால் வளரவில்லை, அப்படியே இருந்தன. லைசினையும் சேர்த்த பிறகுதான் வளர ஆரம்பித்தன. உயிரோடு இருப்பது வேறு, வளர்வது வேறு என்பதை அந்த எலிகள் காட்டின.

மாட்டுக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை. அதன் முதல் வயிற்றில் இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் தட்டையையும் வைக்கோலையும் தின்று, லைசின் உட்பட எல்லா அமினோ அமிலங்களையும் தாமே தயாரித்துவிடும். பிறகு அந்த நுண்ணுயிர்களையே மாடு செரித்துக்கொள்கிறது. ஆட்டுக்கும் அப்படித்தான். கோழிக்கும் மனிதனுக்கும் அந்த வசதி இல்லை. அதனால்தான் தீவன ஆலைக்காரர்கள் மக்காச்சோளத்தோடு சோயா புண்ணாக்கைச் சேர்க்கிறார்கள். அதிலும் பத்தாததை ஈடுகட்ட, ஒரு டன்னுக்கு ஒன்றிரண்டு கிலோ என்ற கணக்கில் லைசின் தூளைக் கலக்கிறார்கள். அந்தத் தூளும் மாயமில்லை. சர்க்கரைப்பாகை அல்லது மக்காச்சோள மாவிலிருந்து எடுத்த சர்க்கரையை ஒருவகை பாக்டீரியாவுக்குக் கொடுத்துப் புளிக்கவைத்து எடுப்பது. 1950-களின் கடைசியில் ஜப்பானில் கண்டுபிடித்த முறை. சோளத்தில் இல்லாததைச் சோளத்திலிருந்தே எடுத்து, திரும்பச் சோளத்தில் கலக்கிறார்கள்!

ஒரு கோழிக்கு எத்தனை மில்லிகிராம் லைசின் என்று தீவன ஆலையில் பார்த்துப் பார்த்துக் கலக்கிறார்கள். குறைந்தால் முட்டை குறையும், பணம் போகும். அந்தச் சோளத்தை விளைவித்த வீட்டில் பிள்ளையின் தட்டுக்கு அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. போட்டுப் பார்க்கலாம்.

உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் வெளியிட்ட அளவுப்படி, பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினமும் 30 மில்லிகிராம் லைசின் வேண்டும். 3 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு 35. முன்பு, 1985-ல், பெரியவர்களுக்கு 12 மில்லிகிராம் போதும் என்று எழுதிவைத்திருந்தார்கள். அது தவறு என்று நிரூபித்ததில் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்குப் பெரிய பங்கு உண்டு. டாக்டர் அனுரா குர்பாட் தலைமையில், நம்மைப் போலவே தானியம் சாப்பிட்டு வளர்ந்த இந்தியர்களை வைத்து 24 மணி நேரமும் அளந்து பார்த்தார்கள். தேவை 30 மில்லிகிராம் என்று வந்தது. பழைய அளவைப் போல இரண்டரை மடங்கு. ‘சோறே போதும், அதிலேயே எல்லாம் இருக்கிறது’ என்று தோன்றவைத்தது அந்தப் பழைய கணக்குதான்.

100 கிராம் அரிசியில் சுமார் 290 மில்லிகிராம் லைசின் இருக்கிறது. மக்காச்சோளத்திலும் நாட்டுச் சோளத்திலும் சுமார் 230. கேழ்வரகில் 200 சொச்சம், கம்பில் 350. சிறுதானியம் என்றால் எல்லாச் சத்தும் கூடுதல் என்று இப்போது ஒரு பேச்சு உண்டு. இரும்பு, சுண்ணாம்பு, நார்ச்சத்துக்கு அது பொருந்தும். லைசினில் கேழ்வரகும் சோளமும் அரிசியைவிடக் குறைவு. பருப்புக்கு வந்தால் கதையே மாறுகிறது. துவரை, உளுந்து, பாசிப்பயறு, கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை – எதை எடுத்தாலும் 100 கிராமில் 1,500 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். நிலக்கடலையில் 800-க்கு மேல். ஒரு முட்டையில் சுமார் 450. ஒரு டம்ளர் பாலில், அதாவது 200 மில்லியில், சுமார் 500.

20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 700 மில்லிகிராம். அந்தப் பிள்ளை நாள் முழுக்க 150 கிராம் அரிசி சாப்பிட்டால் 430 வரும். அதுவும் முழுதாகச் செரித்தால்தான். குறைவது 270. பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் சத்துணவு முட்டை ஒன்றே அந்தக் குறையை அடைத்து மீதியும் தருகிறது. பாடாலூர் பக்கத்துச் சோளம் நாமக்கல் போய், கோழி வழியாக முட்டையாகித் திரும்பிவருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சனி, ஞாயிறு, கோடை விடுமுறைகளில் அந்த முட்டை இல்லை. பள்ளியை முடித்த வயதிலும், அம்மாவுக்கும் பாட்டிக்கும் இல்லை. அங்கேதான் பருப்பு வேண்டும். 30 கிராம் பருப்பு, அதாவது ஒரு சின்னக் கைப்பிடி, லைசின் அளவில் ஏறத்தாழ ஒரு முட்டைக்குச் சமம். பருப்பு முட்டை அளவுக்கு முழுதாகச் செரிக்காது என்பதால் இன்னும் சிறிது கூட்டிப் போட்டால் சரியாகிவிடும்.

வீடுகளில் எவ்வளவு விழுகிறது? ரேஷன் கடையில் கார்டுக்கு மாதம் 1 கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நல்ல திட்டம். ஆனால் 4 பேர் உள்ள வீட்டில் அதை மட்டும் நம்பினால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம். அதுவும் தண்ணீர் சாம்பாரின் அடியில் தங்கிவிட, அகப்பையில் வருவது புளித்தண்ணீரும் காயும். கடைசியில் சாப்பிடுகிற அம்மாவுக்கு வெறும் ரசம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், தானியம் 3 பங்கு என்றால் பருப்பு 1 பங்கு என்று சொல்கிறது. குறைந்தது 30 கிராம் பருப்பாவது தானியத்தோடு சேரவேண்டும் என்றும் சொல்கிறது. இந்த ஜோடி ஒருவழிப் பாதை அல்ல. பருப்பில் லைசின் நிறைய உண்டு. மெத்தியோனைன் என்ற இன்னொரு அமினோ அமிலம் குறைவு. தானியத்தில் அது போதுமான அளவு உண்டு. ஒன்றின் குறையை மற்றது அடைக்கும். இட்லி, வெண்பொங்கல், அடை, சோளக்களிக்குத் தட்டைப்பயற்றுக் குழம்பு, கம்பங்கூழுக்குக் கொள்ளுத் துவையல் – இதையெல்லாம் ஆராய்ச்சி நிலையம் சொல்லி நம் பாட்டிகள் சமைக்கவில்லை.

அவர்கள் அப்படிச் சமைத்ததற்கு ஒரு காரணம், காடு அப்படி இருந்தது. மானாவாரிக் கரிசலில் சோளத்தோடு துவரையும் தட்டைப்பயறும் மொச்சையும் கலந்து விதைப்பதுதான் பழைய வழக்கம். விற்க ஒன்று, தின்ன ஒன்று, மாட்டுக்கு ஒன்று என்று ஒரே காட்டிலிருந்து வந்தது. கோழிப் பண்ணைகள் பெருகி, வீரிய மக்காச்சோளம் வந்து, ஆள்கூலியும் ஏறிய பிறகு தனிப்பயிர்தான் லாபம் என்றாகிவிட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. கடனை அடைத்தது அந்தச் சோளம்தான். ஆனால் காட்டிலிருந்து பயறு போனபோது அடுக்களையிலிருந்தும் போய்விட்டது. கடையில் காசு கொடுத்து வாங்கவேண்டிய பொருளானதும், முதலில் சுருக்குகிற செலவு பருப்பு.

திரும்பக் கொண்டுவருவதற்கு இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2018-ல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட அமெரிக்கன் படைப்புழு, அந்தப் பருவத்திலேயே பெரம்பலூர் மாவட்டத்து மக்காச்சோளத்தை என்ன பாடு படுத்தியது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறைகளில் ஒன்று, வயலைச் சுற்றி 3 வரிசை தட்டைப்பயறு, துவரை, எள் அல்லது சூரியகாந்தி போடுவது. நடுவில் உளுந்து அல்லது பாசிப்பயறை ஊடுபயிராக விதைப்பது. நன்மை செய்யும் பூச்சிகள் தங்க அது இடம் கொடுக்கும். பயறு வேரிலுள்ள முடிச்சுகள் தழைச்சத்தையும் நிலத்தில் சேர்க்கும்.

ஓர் எச்சரிக்கை. மக்காச்சோளத்தில் களைக்கு அட்ரசின் தெளிப்பது பழக்கமாகிவிட்டது. ஊடே பயறு போடுவதாக இருந்தால் அட்ரசின் கூடவே கூடாது. முளைத்த பயறு கருகிவிடும். அப்போது பென்டிமெத்தலின் மாதிரி பயறுக்கும் ஏற்ற களைக்கொல்லியை வேளாண் அலுவலரிடம் கேட்டு, விதைத்த சூட்டோடு தெளிக்கவேண்டும், இல்லையென்றால் கைக்களை. ‘ஊடுபயிர் எங்க காட்டுல வரவே மாட்டேங்குது’ என்று சொல்பவர்களில் பலருக்கு இதுதான் காரணமாக இருக்கும். விதைக்கு வாலிகண்டபுரம் வேளாண் அறிவியல் மையத்திலும், புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையத்திலும் விசாரிக்கலாம்.

4 பேருக்கு ஆளுக்குத் தினம் 30 கிராம் என்றால் ஆண்டுக்கு 44 கிலோ பருப்பு. ஒரு ஏக்கர் சோளத்தின் ஊடே 100 கிலோ உளுந்து கிடைத்தாலும், வீட்டுக்கு எடுத்துவைத்தது போக விற்கவும் மிஞ்சும். எடுத்துவைக்கவேண்டும் என்பதுதான் முக்கியம். நல்ல விலை வந்ததும் விதைக்குக்கூட வைக்காமல் மொத்தத்தையும் தூக்கிப்போட்டுவிட்டு, பிறகு கடையில் கால் கிலோ வாங்குவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

இன்னொன்றும் உண்டு. அதே செயின்ட் ஜான்ஸ் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வில், மெலிந்த உடம்புள்ள ஆண்களின் குடலில் புழு இருந்தால் லைசின் தேவை கூடுகிறது என்று கண்டார்கள். புழுவை நீக்கியதும் தேவை குறைந்தது. காட்டில் செருப்பில்லாமல் நடக்கிற, வெளியே மலம் கழிக்கிற இடங்களில் போடுகிற பருப்பில் ஒரு பங்கு புழுவின் கணக்கில் போகிறது என்று அர்த்தம். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் குடற்புழு நீக்க நாளில் கொடுக்கும் மாத்திரையைப் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

கேள்வி: “தீவனக் கடையில் லைசின் தூள் கிலோ கணக்கில் கிடைக்கிறது. அதைக் கொஞ்சம் கஞ்சியில் கலந்து குழந்தைக்குக் கொடுத்தால் என்ன?”
– ஒரு தாய், செட்டிகுளம்.

பதில்: வேண்டவே வேண்டாம். தீவனத் தரத்தில் தயாராவது மனிதர் உண்பதற்கான சுத்தத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதோடு, ஒரே ஓர் அமினோ அமிலத்தை அளவு தெரியாமல் ஏற்றினால், குடலில் அதே வழியாக உறிஞ்சப்படும் ஆர்ஜினின் போன்ற மற்றவற்றுக்கு இடம் குறையும். கோழிக்கு எடை போட்டுக் கலக்க ஆள் இருக்கிறார். வீட்டில் ஸ்பூன்தான் இருக்கிறது. குழந்தைக்குக் குழைந்த பருப்புச் சோறும், ஒரு முட்டையும் போதும். முட்டை சாப்பிடாத வீடு என்றால் பால் அல்லது தயிர். சத்துமாவு அரைக்கிறவர்கள் தானியம் 3 படி என்றால் பயறு 1 படி என்ற கணக்கை விடாமல் இருந்தால் நல்லது. கருகுகிற அளவுக்கு வறுக்கவும் கூடாது. அதிகச் சூட்டில், அதிலும் சர்க்கரையோ வெல்லமோ சேர்ந்திருக்கும்போது, லைசின் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு உடம்புக்கு எட்டாமல் போகும். வெல்லத்தை ஆறிய பிறகு சேர்ப்பது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் பருப்பையோ முட்டையையோ கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்கவேண்டும்.

கேள்வி: “லைசின் அதிகமுள்ள மக்காச்சோள விதையே இருக்கிறதாமே, அதைப் போட்டால் நல்ல விலை கிடைக்குமா?”
– ஒரு வாசகர், அரியலூர்.

பதில்: இருக்கிறது. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மெர்ட்ஸ், நெல்சன், பேட்ஸ் ஆகியோர் 1964-ல் ஒரு மக்காச்சோள ரகத்தில் லைசின் இரு மடங்கு இருப்பதை வெளியிட்டார்கள். மணி மாவாக இருந்தது, வண்டு அரித்தது, விளைச்சலும் குறைந்தது, கைவிட்டார்கள். மெக்சிகோவில் உள்ள சர்வதேச மக்காச்சோளம், கோதுமை மேம்பாட்டு மையத்தில் இந்தியரான சுரிந்தர் வாசலும், எவாஞ்சலினா வில்லேகாஸ் என்ற பெண் விஞ்ஞானியும் பல ஆண்டுகள் உழைத்து, சத்தும் குறையாமல் மணியும் கெட்டியாக இருக்கும்படி செய்தார்கள். அதற்காக 2000-ல் இருவருக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது. இந்தியாவில் ஹரியானா வேளாண் பல்கலைக்கழகம் 2005-ல் ஹெச்.க்யூ.பி.எம்.-1 என்ற வீரிய ஒட்டை வெளியிட்டது. டெல்லி பூசா நிறுவனமும் பின்னர் சில ரகங்களைத் தந்திருக்கிறது.

பெரம்பலூர், அரியலூர் நிலைமைக்கு இரண்டு சிக்கல்கள். இந்தக் குணம் ஒடுங்கிய குணம். பக்கத்துக் காட்டுச் சாதாரண மக்காச்சோளத்தின் மகரந்தம் வந்து விழுந்தால் அந்த மணியில் சத்து இருக்காது. நாலா பக்கமும் மக்காச்சோளமே நிற்கிற இடத்தில் ஒதுக்கி வளர்ப்பது கஷ்டம். இரண்டாவது, விலை. மண்டியில் ஈரப்பதம், பூஞ்சாணம், நிறம் பார்ப்பார்கள். உள்ளே இருக்கும் லைசினை யாரும் அளப்பதில்லை. வெளியிலிருந்து தூளை வாங்கிக் கலப்பது ஆலைக்கு எளிது. முன்கூட்டியே எழுத்தில் விலை பேசி வாங்குகிறவர் இருந்தால் மட்டும் போடலாம். வீட்டு உபயோகத்துக்கு என்றால், அதே இடத்தில் நாலு பாத்தி தட்டைப்பயறு இதைவிட லேசான வேலை.